மூளை ரத்தக்கசிவும் நிமோனியாவும்: வார்டுக்குப் புதியவர்கள் அபாயத்தைக் கணிக்கும் முறை

மூளைக்குள் ரத்தம் கசிந்து வார்டுக்கு வரும் நோயாளியிடம் முதல் மூன்று நாளும் எல்லோருடைய கண்ணும் தலையின் மேலேயே இருக்கும். ரத்த அழுத்தம் இறங்கியதா, ரத்தக்கட்டி பெருத்ததா, அறுவை தேவைப்படுமா என்ற கேள்விகளுக்கு நடுவே நெஞ்சைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான்காம் நாள் காய்ச்சல் அடித்து, மூச்சு வேகமெடுத்து, ஆக்ஸிஜன் அளவு சரியத் தொடங்கும்போதுதான் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எழுதுகிறோம். அந்த நிமோனியாவின் விதை பெரும்பாலும் முதல் நாளே விழுந்திருக்கும். அது யாரிடம் முளைக்கும் என்பதையும் முதல் நாளே ஓரளவு கணிக்க முடியும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் இருந்தாலும், தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர் போன்ற ஊர்களின் மருத்துவமனைகளில் இருந்தாலும், பக்கவாத நோயாளிகளைக் கவனிக்கும் வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் செவிலியருக்கும் பயிற்சி மருத்துவருக்கும் அந்தக் கணிப்பைப் படிப்படியாகச் சொல்லித் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். சிகிச்சை முடிவு உங்கள் யூனிட்டின் மூத்த மருத்துவருடையது. அந்த முடிவுக்குத் தேவையான தகவலைத் திரட்டி, கேஸ் ஷீட்டில் ஒழுங்காக எழுதி வைப்பது உங்கள் வேலை.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரமோ அதற்கு மேலோ கழிந்து தோன்றும், சேரும்போது உருவாகிக்கொண்டும் இருந்திராத நிமோனியாவை மருத்துவமனையில் தொற்றிய நிமோனியா என்கிறோம். சுவாசக் குழாய் பொருத்தி 48 மணி நேரம் கடந்த பின் வந்தால் அது வென்டிலேட்டர் நிமோனியா. இவ்விரண்டோடு, பக்கவாதத்தை ஒட்டிய நிமோனியா என்ற மூன்றாவது பெயரும் உண்டு; வென்டிலேட்டரில் இல்லாத நோயாளிக்குப் பக்கவாதம் வந்த முதல் ஏழு நாட்களுக்குள் வரும் கீழ்ச்சுவாசத் தொற்றுகளை இப்பெயரால் அழைக்க 2015இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தது. உங்கள் கணிப்பு இம்மூன்றில் எதைப் பற்றியது என்பதை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால், பின்னால் எண்ணிப் பார்க்கும்போது ஒருவருடைய கணக்கு மற்றவருடைய கணக்கோடு ஒட்டாது.

முதல் படி: கடிகாரம் எங்கே தொடங்குகிறது

நம் பகுதியில் நோயாளி நேராகப் பெரிய மருத்துவமனைக்கு வருவது குறைவு. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் காலையில் விழுந்தவர், உள்ளூர் மருத்துவரிடம் ஓர் ஊசி போட்டுக்கொண்டு, மதியம் அருகிலுள்ள மருத்துவமனையில் படுத்து, இரவு 108 வண்டியில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து உங்களிடம் வந்து சேர்கிறார். உங்கள் சேர்க்கைச் சீட்டில் உள்ள நேரத்தை மட்டும் வைத்து 48 மணி நேரத்தை எண்ணினால் கணக்கு தவறும். நோய் தொடங்கிய நேரம், முதல் மருத்துவமனையில் சேர்ந்த நேரம், உங்களிடம் வந்த நேரம் ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். நோய் தொடங்கிய நேரம் தெரியாதபோது, நோயாளி நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்த நேரத்தை எழுத வேண்டும்.

வழியில் என்ன நடந்தது என்பதையும் கேளுங்கள். மூளை ரத்தக்கசிவில் வாந்தி அடிக்கடி வரும் அறிகுறி. நினைவு மங்கிய ஒருவர் வண்டியில் மல்லாந்து படுத்தபடி வாந்தி எடுத்திருந்தால், இரைப்பையில் இருந்தது நுரையீரலுக்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம். அமிலம் பட்ட நுரையீரல் சில மணி நேரத்தில் புண்பட்டு, காய்ச்சலும் எக்ஸ்ரேயில் நிழலும் காட்டலாம். கிருமித் தொற்று இல்லாமலே இது நடக்கும், பலருக்கு ஓரிரு நாளில் தணிந்தும் போகும். ஆகவே ‘வழியில் வாந்தி: ஆம், இரண்டு முறை, படுத்த நிலையில்’ என்ற ஒரு வரி, பின்னால் வரும் காய்ச்சலைப் படிப்பவருக்குப் பெரிய உதவி. இந்த வரி எழுதப்பட்ட கேஸ் ஷீட்டை நான் பார்த்தது குறைவு.

இரண்டாம் படி: நோய்க்கு முந்தைய ஆள் எப்படி இருந்தார்

கணிப்பில் வரும் காரணிகளில் சில நோயாளியுடனேயே வருபவை: வயது, புகைப்பழக்கம், மது, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், நோய்க்கு முன்பே பிறரை நம்பி வாழ்ந்த நிலை. இவற்றை நோயாளி சொல்ல மாட்டார். உடன் வந்தவர்தான் சொல்ல வேண்டும். ‘புகைப்பழக்கம் உண்டா’ என்று ஆவணக் குரலில் கேட்டால் ‘இல்லை’ என்றே பதில் வரும். ‘ஒரு நாளைக்கு எத்தனை கட்டு பீடி’ என்று கேட்டால் எண்ணிக்கை வரும். மதுவைப் பற்றி, வீட்டுப் பெண்களிடம் தனியாகக் கேட்பது நல்லது; மகன் முன்னால் மனைவி சொல்லத் தயங்குவார்.

பெண்களிடம் புகைப்பழக்கம் இல்லை என்றதும் அடுத்த கேள்விக்குத் தாவிவிடாதீர்கள். விறகு அடுப்பின் முன் முப்பது, நாற்பது ஆண்டு உட்கார்ந்தவருக்கும், திசையன்விளைப் பக்கம் பருவம்தோறும் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுத்தவருக்கும், ஒரு பீடிகூடத் தொடாமலேயே நுரையீரல் அடைப்பு நோய் இருக்கலாம். ‘மாடிப்படி ஏறினால் இளைக்குமா, குளிர்காலத்தில் சளி விடாமல் இருக்குமா, இன்ஹேலர் இழுப்பாரா’ என்று கேளுங்கள். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்கள் நாள் முழுதும் புகையிலைத் தூசுக்கு நடுவே இருப்பவர்கள். எந்த மதிப்பெண் தாளிலும் அதற்குப் புள்ளி கிடையாது; ஆனாலும் குறிப்பில் எழுதி வையுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்த பதிவு இருந்தால் அதை வாங்கிப் பாருங்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் எப்போதிலிருந்து, என்ன மாத்திரை என்பது ஒரே இடத்தில் கிடைக்கும். நோய்க்கு முன் தாமாகக் குளித்து, உடுத்தி, கடைக்குப் போய் வந்தாரா என்பதை ரேங்கின் அளவுகோலில் 0 (எந்தக் குறையும் இல்லை) முதல் 5 (முழுக்கப் பிறரை நம்பிப் படுக்கையில்) வரை குறியுங்கள்.

மூன்றாம் படி: நினைவும் பலவீனமும்

நினைவை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலில் மொத்தம் 15; எண் குறையக் குறைய நினைவு மங்கியிருக்கிறது. கண், பேச்சு, அசைவு மூன்றையும் கூட்டிய எண்ணை மட்டும் எழுதாமல் கண் 3, பேச்சு 3, அசைவு 6 என்று பிரித்தே எழுதுங்கள். இடது மூளையில் கசிந்து பேச்சு அடைபட்டவருக்குப் பேச்சுப் புள்ளி குறைவது நினைவு மங்கியதால் அல்ல. மயக்க மருந்து கொடுத்த பின் எடுத்த எண் மருந்தின் எண். முடிந்தவரை அதற்கு முன் எடுங்கள், முடியாவிட்டால் எந்த மருந்துக்குப் பின் என்று பக்கத்தில் குறியுங்கள்.

பக்கவாதத் தீவிரத்தை அளக்கும் என்ஐஎச்எஸ்எஸ் அளவுகோல் 0 முதல் 42 வரை போகும்; எண் கூடினால் தீவிரமும் கூடுதல். இதைப் புத்தகம் பார்த்துக் கற்க முடியாது. தெரிந்தவர் போடும்போது பக்கத்தில் நின்று, பத்துப் பேருக்காவது நீங்களும் தனியாகப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். இதில் ஒரு புள்ளி தவறினால் என்ன ஆகும் என்பதை ஆறாம் படியில் காண்போம்.

நான்காம் படி: ஸ்கேனில் மூன்று கேள்விகள்

ரத்தக்கட்டி எவ்வளவு, எங்கே, மூளை அறைகளுக்குள் ரத்தம் இறங்கியதா என்ற மூன்றும் தெரிந்தால் போதும். அளவுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. ரத்தம் மிகப் பெரிதாகத் தெரியும் சிடி படத்தில் அதன் நீளத்தையும், அதற்குச் செங்குத்தான அகலத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, ரத்தம் தெரியும் படங்களின் எண்ணிக்கையை ஒரு படத்தின் தடிமனால் பெருக்கி, இம்மூன்றையும் ஒன்றோடொன்று பெருக்கி இரண்டால் வகுத்தால் மில்லிலிட்டரில் விடை வரும். ஓரத்துப் படங்களில் ரத்தம் சிறிதாக இருந்தால் அவற்றை முழுப் படமாக எண்ணக் கூடாது: பெரிய படத்தின் பரப்பில் முக்கால் பங்குக்கு மேல் இருந்தால் ஒன்று, கால் முதல் முக்கால் வரை இருந்தால் அரை, காலுக்குக் கீழ் இருந்தால் சேர்க்க வேண்டாம்.

இடத்தைப் பொறுத்தவரை, சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ கசிந்தால் அளவு சிறிதானாலும் அபாயம் பெரிது. விழுங்குவதையும் இருமுவதையும் நடத்தும் நரம்பு மையங்கள் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன.

ஐந்தாம் படி: விழுங்கல்

இங்கே சற்று நின்று பேச வேண்டும். இதுவரை திரட்டிய காரணிகளில் ஒன்றைக்கூட நம்மால் மாற்ற முடியாது. வயதைக் குறைக்க முடியாது, புகைத்த பீடியைத் திரும்ப வாங்க முடியாது, கசிந்த ரத்தத்தையும் பெரும்பாலும் எடுக்க முடியாது. விழுங்கல் குறைபாட்டையும் நாம் உடனே சரிசெய்துவிட முடியாதுதான். ஆனால் அந்தத் தொண்டை வழியாக எது போகலாம், எது போகக் கூடாது என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. கணிப்பு என்ற வேலையே இந்த வாசலில் யாருக்குக் கடுமையான காவல் வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்குத்தான் என்பது என் எண்ணம்.

விதி எளிது: விழுங்கல் சோதனை முடியும் வரை வாய்வழியே எதுவும் இல்லை. மாத்திரை இல்லை, தண்ணீர் இல்லை, மாத்திரைக்கான தண்ணீரும் இல்லை. சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் சோதனையை முடித்துவிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாதப் பிரிவுகளில் காய்ச்சல், சர்க்கரை, விழுங்கல் மூன்றையும் செவிலியர் முன்னின்று கண்காணிக்கும் முறையைச் சோதித்தார்கள். 2011இல் வந்த அதன் முடிவில், 90 நாள் கழித்து இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் அந்தப் பிரிவுகளில் குறைவாக இருந்தனர். புது மருந்து எதுவும் அதில் இல்லை.

சோதனைக்கு முன் நோயாளி விழித்திருக்கிறாரா, 15 நிமிடமாவது விழிப்பாக உட்கார முடியுமா, கேட்டால் இருமுகிறாரா, எச்சிலை விழுங்குகிறாரா, வாயோரம் வழிகிறதா, குரல் ஈரமாகக் களகளக்கிறதா என்று பாருங்கள். விழிக்காதவருக்குச் சோதனையே வேண்டாம், அவர் தேறாதவர்தான். ‘சோதிக்கவில்லை’ என்பதை ‘குறைபாடு இல்லை’ என்று கணக்கில் சேர்ப்பது புதியவர்கள் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது.

வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பதும் சோதனையின் பகுதியே. கடைவாயில் ஒதுக்கிய வெற்றிலையும் பாக்கும் விழுந்த நேரத்திலிருந்து அப்படியே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பல் செட் இருந்தால் கழற்றி, பெயர் எழுதிய டப்பாவில் போடுங்கள்.

இதில் தேறியவருக்கு, கஸ் எனப்படும் விழுங்கல் சோதனை படிப்படியாகப் போகிறது. மொத்தம் 20 புள்ளி: நேரடியாக எதுவும் கொடுக்காமல் மேலே சொன்னவற்றுக்கு 5, பிறகு கெட்டியான கூழ்ப் பதத்துக்கு 5, தண்ணீருக்கு 5, திட உணவுக்கு 5. கூழ்ப் பதம் முதலிலும் தண்ணீர் பிறகும் வருவது பலருக்கு வியப்பாக இருக்கும். பக்கவாதத்தில் தொண்டை மூடுவதற்குத் தாமதமாகும். தண்ணீர் அந்தத் தாமதத்துக்குக் காத்திராமல் ஓடி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும், கெட்டித் தயிர் போன்றது மெதுவாக நகரும். 20 வந்தால் குறை இல்லை. 15 முதல் 19 வரை லேசான குறை, 10 முதல் 14 வரை நடுத்தரம், 9 அல்லது அதற்குக் கீழ் கடுமையான குறை என்று கொள்ள வேண்டும். எந்தப் படியில் இருமல், குரல் மாற்றம், எச்சில் வழிதல் வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இருமல் வராததை வைத்து நிம்மதி அடையாதீர்கள். தொண்டையின் உணர்ச்சியே மங்கியவருக்கு, இருமாமலேயே உள்ளே போகும்.

இதை உடன் இருப்பவருக்குப் புரிய வைப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. இளநீர், சுக்குக் காப்பி, ரசம் விட்டுக் கரைத்த சோறு எல்லாம் நோயாளிக்கு ‘லேசான ஆகாரம்’ என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். இந்த நோயில் அவையே கனமானவை. நீரும் பருக்கையும் கலந்த ரசஞ்சோறு, கடித்தால் நீர் பீறிடும் நுங்கு இரண்டும் எல்லாவற்றிலும் ஏமாற்றுபவை. ‘தொண்டை நனைய ஒரு வாய்த் தண்ணி குடுத்தா என்ன சிஸ்டர்?’ என்று ஓர் ஆச்சி கேட்கும்போது, ‘குடுக்கக் கூடாது’ என்ற பதில் உங்கள் முதுகு திரும்பும் வரைதான் நிற்கும். ‘ஆச்சி, இப்ப தாத்தா குடிக்க தண்ணி வயித்துக்குப் போகாது, நெஞ்சுக்குள்ள போயிரும். குழாய் வழியா நான் குடுக்கேன். நீங்க இந்தப் பஞ்சை நனைச்சு உதட்டத் தொடச்சு விடுங்க’ என்று கையில் ஒரு வேலையைக் கொடுத்துச் சொன்னால் நிற்கிறது. பிழைப்பது கடினம் என்று வீட்டார் முடிவு கட்டிவிட்ட நோயாளிக்கு ஒரு சொட்டுப் பாலோ தாமிரபரணித் தண்ணீரோ ஊற்ற வருவார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். மூத்த மருத்துவரை அழைத்து வீட்டாரிடம் பேச வைத்துவிட்டு, உதட்டில் மட்டும் தொட்டு வைக்கச் சொல்லுங்கள்.

மூக்குக் குழாய் போட்டுவிட்டால் அபாயம் தீர்ந்தது என்று எண்ணுவதும் தவறு. வாயில் ஊறும் எச்சிலும், இரைப்பையிலிருந்து மேலெழுவதும் குழாயைச் சுற்றிக்கொண்டு இறங்கும். அதனால் குழாய் போட்டவர் தாளில் ‘விழுங்கல் குறை உண்டு’ என்ற வரி அப்படியே இருக்க வேண்டும்.

ஆறாம் படி: மதிப்பெண்ணைக் கூட்டுதல்

மூளை ரத்தக்கசிவு நோயாளிக்கென்றே நிமோனியாவைக் கணிக்க உருவான மதிப்பெண் ஐசிஎச்-ஏபிஎஸ். சீனாவின் தேசியப் பக்கவாதப் பதிவேட்டிலிருந்து உருவாகி 2014இல் வெளியானது. இதில் இரண்டு வகை உண்டு: ரத்தக்கட்டியின் அளவைச் சேர்க்காத முதல் வகைக்கு 23 புள்ளி, சேர்த்த இரண்டாம் வகைக்கு 26 புள்ளி. வயது, புகை, மிகுந்த மது, நுரையீரல் அடைப்பு நோய், முந்தைய சார்புநிலை, கோமா அளவு, என்ஐஎச்எஸ்எஸ், விழுங்கல், சிறுமூளை அல்லது மூளைத்தண்டுக் கசிவு, மூளை அறைகளுக்குள் ரத்தம் என்று நாம் இதுவரை திரட்டியவைதான் அதன் வரிகள். புள்ளிப் பட்டியலை மனப்பாடத்திலிருந்து போடாமல் அச்சடித்த தாளைச் செவிலியர் மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் 2015இல் வந்த ஐசான் என்ற மதிப்பெண், அடைப்பு, கசிவு இரு வகைப் பக்கவாதத்துக்கும் பொருந்தும்; வயது, பாலினம், முந்தைய சார்புநிலை, என்ஐஎச்எஸ்எஸ் நான்கே போதும். பெர்லினில் 2012இல் உருவான ஏ2டிஎஸ்2 மிக எளிது, ஆனால் ரத்தக் குழாய் அடைப்பு நோயாளிகளை வைத்து உருவானது. கூட்டல் பழகுவதற்கு அதையே எடுத்துக்கொள்வோம். வார்டில் முடிவுக்கு ஐசிஎச்-ஏபிஎஸ்ஸைப் பயன்படுத்துங்கள்.

கற்பனையாக ஒருவரை வைத்துக்கொள்வோம். முக்கூடல் பக்கத்துப் பெரியவர், வயது 68. வலது மூளையின் ஆழத்தில் கசிவு, அறைகளுக்குள்ளும் இறங்கியிருக்கிறது. படத்தில் 4.5 சென்டிமீட்டர் நீளம், 3.5 அகலம், அரை சென்டிமீட்டர் தடிமனில் எட்டுப் படங்கள், ஆக 4.5 × 3.5 × 4 ÷ 2 = 31.5 மில்லிலிட்டர். கோமா அளவு 12, என்ஐஎச்எஸ்எஸ் 16, விழுங்கல் சோதனையில் கூழிலேயே இருமிவிட்டார். ஏ2டிஎஸ்2 கணக்கில் 75 வயதுக்குக் கீழ் என்பதால் வயதுக்கு 0, இதயத் துடிப்பு ஒழுங்காக இருப்பதால் 0, விழுங்கல் குறைக்கு 2, ஆண் என்பதால் 1, என்ஐஎச்எஸ்எஸ் 16 அல்லது அதற்கு மேல் என்பதால் 5. மொத்தம் பத்துக்கு 8. அவருடைய என்ஐஎச்எஸ்எஸ்ஸை இன்னொருவர் 15 என்று போட்டிருந்தால் அந்த வரிக்கு 3தான். மொத்தம் 6 ஆகிவிடும். நோயாளி அதே ஆள், நுரையீரலும் அதே நுரையீரல். விழுங்கல் சோதனையைச் செய்யாமல் விட்டுக் ‘குறை இல்லை’ என்று குறித்திருந்தால் 4க்கு இறங்கியிருப்பார். மதிப்பெண்ணின் கடைசி இலக்கத்தை நம்பாதீர்கள், அதன் வரிகளை நம்புங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதே பெரியவருக்கு ஐசிஎச் ஸ்கோர் போட்டால் கோமா அளவுக்கு 1, 30 மில்லிலிட்டருக்கு மேல் என்பதால் 1, அறைக்குள் ரத்தத்துக்கு 1, மொத்தம் 3 வரும். 2001இல் உருவான அந்த மதிப்பெண் 30 நாள் மரண அபாயத்தைச் சொல்வது, நிமோனியாவைச் சொல்வதன்று. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஏழாம் படி: அபாயம் அதிகம் என்று தெரிந்தபின்

உடனே மனத்தில் தோன்றுவது, முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்துவிடலாமே என்பது. வேண்டாம். 2015இல் லான்செட் இதழில் வந்த இரு பெரிய ஆய்வுகள் இதைச் சோதித்தன. பிரிட்டனின் ஸ்ட்ரோக்-இன்ஃப் ஆய்வில் விழுங்கல் குறை உள்ளவர்களுக்கு ஏழு நாள் தடுப்பு ஆன்டிபயாடிக் கொடுத்தும் நிமோனியா குறையவில்லை. நெதர்லாந்தின் பாஸ் ஆய்வில் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தும் மூன்று மாத முடிவில் நோயாளிகளின் செயல்திறன் மேம்படவில்லை. அபாயம் அதிகம் என்ற குறிப்பு மருந்துச் சீட்டுக்குப் போகாமல் செவிலியர் பணித்தாளுக்குப் போக வேண்டும்.

பணித்தாளில் என்ன எழுதுவது? தலைமாடு 30 முதல் 45 பாகை. குழாய் வழி உணவு கொடுக்கும்போதும், கொடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரையிலும் இது கட்டாயம். கட்டிலின் கைப்பிடி உடைந்திருந்தால் மரக்கட்டையையோ செங்கலையோ கட்டில் காலுக்குக் கீழ் வைத்தாவது உயர்த்துங்கள். தலையணை மேல் தலையணை அடுக்கினால் கழுத்து மடங்கி மூச்சு இன்னும் அடைபடும். குழாய் சரியான இடத்தில் இருப்பதை எக்ஸ்ரேயால் உறுதி செய்யுங்கள். காற்றை ஊதி வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது நம்பத் தகுந்ததல்ல. வாயைக் காலையும் இரவும் பிரஷ்ஷால் தேய்த்து, சக்‌ஷன் போட்டு உறிஞ்சுங்கள். வாயில் எதுவும் சாப்பிடாதவருக்கு வாய் சுத்தம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சாப்பிடாத வாயில்தான் கிருமி அடை தடித்துப்போகிறது, அந்த எச்சில்தான் நெஞ்சுக்குள் இறங்குகிறது.

தேவையின்றி ஓடிக்கொண்டிருக்கும் மருந்துகளையும் மூத்தவரிடம் சுட்டிக்காட்டுங்கள். வயிற்றுப் புண் வராமலிருக்கப் பழக்கத்தால் எழுதப்படும் பேன்டாப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மருந்துகள் இரைப்பையில் கிருமி வளர இடம் கொடுத்து நிமோனியா அபாயத்தைக் கூட்டக்கூடியவை. இரவில் கத்துகிறார் என்று கொடுக்கும் தூக்க மருந்து, இருக்கும் இருமலையும் அடக்கிவிடும். நிலை சீரானதும் பிசியோதெரபிஸ்டுடன் சேர்ந்து உட்கார வைக்கத் தொடங்கலாம். முதல் 24 மணி நேரத்தில் எழுப்பி நடத்தும் அவசரம் கூடாது.

எட்டாம் படி: தினமும் மறுகணக்கு, சந்தேகம்

முதல் நாள் மதிப்பெண் முதல் நாளுக்கானது. முதல் 24 மணி நேரத்தில் ரத்தக்கட்டி பெருக்கலாம். அதன் பின் சுற்றியுள்ள மூளை வீங்கி நினைவு இன்னும் மங்கலாம். கோமா அளவு இரண்டு புள்ளி இறங்கினால் மருத்துவரை அழைப்பதோடு, நேற்று வாய்வழி உண்ண அனுமதித்தவராயினும் இன்று நிறுத்திவிட்டு மறுபடி சோதியுங்கள். மூளையில் பெரிய அடி பட்டதும் உடல் சுரக்கும் அழுத்த ஹார்மோன்களால் ரத்தத்திலுள்ள லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் குறைந்து, எதிர்ப்புச் சக்தி சில நாட்களுக்குத் தாழ்ந்து கிடக்கிறது. முதல் வாரத்தில் நிமோனியா குவிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தாண்டுதல், வெள்ளணுக்கள் 12,000க்கு மேல் ஏறுதல் அல்லது 4,000க்குக் கீழ் இறங்குதல், 70 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு வேறு காரணமில்லாத குழப்பம் ஆகியவற்றில் ஒன்றும், புதிதாகச் சீழ்ச்சளி, நிமிடத்துக்கு 25க்கு மேல் மூச்சு அல்லது புதிய இருமல், நெஞ்சில் கரகரப்பு ஒலி, ஆக்ஸிஜன் தேவை கூடுதல் ஆகியவற்றில் இரண்டும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கிறது. எக்ஸ்ரேயில் புதிய நிழல் அதை உறுதிப்படுத்தும். மூளை அறைகளுக்குள் ரத்தம் இறங்கியவருக்குத் தொற்றே இல்லாமலும் காய்ச்சல் வரும். ஆகவே காய்ச்சல் ஒன்றை மட்டும் வைத்து நிமோனியா என்று எழுத வேண்டாம். சந்தேகம் வலுத்தால் முதல் டோஸ் ஆன்டிபயாடிக் போகும் முன் சளியையும் ரத்தத்தையும் கல்ச்சருக்கு எடுங்கள். நம் மருத்துவமனைகளில் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ் போன்ற பிடிவாதமான கிருமிகள் நிறைய. எந்த மருந்து எடுபடும் என்பதை உங்கள் மருத்துவமனை ஆய்வகத்தின் பட்டியலே சொல்லும், வேறு ஊர்ப் புத்தகம் சொல்லாது.

ஒன்பதாம் படி: ஏடு

சீனாவிலோ பிரிட்டனிலோ உருவான மதிப்பெண் நம் நோயாளிகளுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதை அறிய ஒரு நீள நோட்டுப் போதும். சேரும்போது போட்ட மதிப்பெண்ணும் வரிகளும் ஒரு பக்கம், ஏழாம் நாள் முடிவு மறுபக்கம். அதிக அபாயம் என்று குறித்தவர்களுக்குத்தான் அதிகமாக வந்ததா என்பது ஒரு கேள்வி. பத்தில் நான்கு பேருக்கு வரும் என்று தாள் சொன்ன இடத்தில் உண்மையில் எத்தனை பேருக்கு வந்தது என்பது இன்னொரு கேள்வி. முதலாவதில் தேறும் மதிப்பெண் இரண்டாவதில் தவறலாம்.

இந்த நோட்டில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, சேரும்போது தெரியாதவற்றை, அதாவது மூன்றாம் நாள் வென்டிலேட்டர் போட்டதையோ நான்காம் நாள் ஆன்டிபயாடிக் தொடங்கியதையோ, முதல் நாள் கணிப்புக்குள் சேர்ப்பது. பிள்ளை பிறந்த பின் ஆணா பெண்ணா என்று குறி சொல்வதைப் போன்றது அது.

மற்றது இன்னும் ஆழமானது. மிக மோசமான நிலையில் வந்தவர் இரண்டாம் நாளே இறந்துவிட்டால் அவருக்கு நிமோனியா வரவில்லை. ‘வீட்டுக்கே கொண்டு போயிருதோம்’ என்று கையெழுத்துப் போட்டு அழைத்துச் சென்றவருக்கும் நம் ஏட்டில் நிமோனியா இல்லை. இவர்களை ‘இல்லை’ என்ற கட்டத்தில் சேர்த்தால், அதிக மதிப்பெண் உள்ளவர்களுக்கு நிமோனியா குறைவு என்று ஏடு பொய் சொல்லும். இவர்களுக்கு ‘ஏழு நாளுக்குள் மரணம்’, ‘ஏழு நாளுக்குள் வீடு திரும்பினார்’ என்று தனிக் கட்டங்கள் வரையுங்கள். வீட்டார் சம்மதித்தால் ஒரு தொலைபேசி எண்ணை வாங்கி வைத்து, ஏழாம் நாள் மாலை அழைத்து, காய்ச்சல் இருந்ததா, மூச்சு இரைத்ததா, வாய்வழியே என்ன கொடுத்தார்கள் என்ற மூன்றையும் கேட்டு அந்தக் கட்டத்தில் எழுதுங்கள்.